ஐந்து மாதம் உறங்கிய படகு மோட்டாரும் கூடிப்போன ஓங்கில்களும்

சென்ற நவம்பரில், ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஓங்கில் கணக்கெடுப்புக்காக எங்கள் ஆய்வுப் படகை நீரில் இறக்கினோம். ஜூன் தொடக்கத்திலிருந்து கொட்டகையில் கிடந்த அவுட்போர்டு மோட்டார், கயிற்றின் மூன்றாவது இழுப்பிலேயே உயிர்பெற்றது. அவ்வளவு எளிதில் அது இயங்கியதே எங்களை ஏமாற்றிவிட்டது. கரையோரத்தில் புகையின்றி, உதறலின்றிச் சீராக ஓடியது. ஐந்து பேரும் கருவிகளும் ஏறி, சாத்தபாடாவுக்கு அப்பால் வெளிக்கால்வாயில் வாடைக்காற்றை எதிர்த்துத் திரும்பியதும் நிலைமை மாறிற்று. விசைப்பிடியை முழுவதும் திருகினாலும் படகு மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எங்கள் ஆய்வு நெறிமுறையில் எழுதியிருப்பது 10 கிலோமீட்டர்.

குறைந்த அந்த 4 கிலோமீட்டரைப் பற்றியே இந்த நீண்ட பதிவு. நான் உயிரியல் ஆய்வாளன். எஞ்சினைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் களத்தில் படகு, ஜீப், ஜெனரேட்டர் ஆகியவற்றை நம்பியிருக்கும் ஆய்வு மாணவர் பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால் எழுதத் துணிந்தேன்.

முதல் மூன்று நாள்கள் நாங்கள் அதே வேகத்தில் கணக்கெடுப்பைத் தொடர்ந்தோம். தாமதமாகும், அவ்வளவுதானே என்று எண்ணினோம். மூன்றாம் நாள் இரவு குறிப்புகளைச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது. நேர்கோட்டுப் பாதையில் சென்று விலங்குகளை எண்ணும் முறைக்கு ஓர் அடிப்படை எடுகோள் உண்டு: நோக்குபவரின் வேகத்தோடு ஒப்பிட, விலங்கின் வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். படகு மெதுவாகச் சென்றால், முதலில் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்த விலங்குகள் பார்வை எல்லைக்குள் நீந்தி வந்து எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளும். முன்னரே எண்ணிய கூட்டம் முந்திச் சென்று மீண்டும் எண்ணப்படவும் கூடும். பிழை ஒரே திசையில் சாயும். அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சுருங்கச் சொன்னால், எங்கள் மோட்டாரின் பலவீனம் ஏரியில் ஓங்கில்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஐராவதி ஓங்கில் போன்ற அருகிவரும் உயிரினத்துக்கு இப்படிப்பட்ட நற்செய்தியைப் போல ஆபத்தானது வேறில்லை.

இனி மோட்டார். எங்களுடையது 25 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர், நான்கு வீச்சு, கார்புரேட்டர் வகை. எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பிளக்கை மாற்றுவது. மாற்றினோம். அன்றே புதுப் பெட்ரோலும் ஊற்றினோம். அரை நாள் ஓரளவு நன்றாக ஓடி, மறுபடியும் சோர்ந்தது. சிறிது நேரம் குணம் தந்தது பிளக்கா, பெட்ரோலா? சொல்ல இயலவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே சோதனையில் இரண்டு மாறிகளை மாற்றினால் முதலாண்டு மாணவனைக் கண்டிப்போம். படகுத்துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மூவர் கூடி அதையே செய்தோம்.

எங்கள் படகோட்டி அழைத்துவந்த மெக்கானிக் வயதில் மூத்தவர். அங்குள்ள எல்லோரையும் போல நாங்களும் அவரை மௌசா என்றே அழைத்தோம். சிலிகாவின் சுற்றுலாப் படகுகளில் பெரும்பாலும் நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சின்கள்தாம். அவுட்போர்டு அவருக்கு அன்றாட வேலை அன்று. ஆயினும் மூடியைத் திறக்குமுன் அவர் கேட்ட முதல் கேள்வியே எங்கள் தவறைச் சுட்டியது: கடைசியாக என்று ஓட்டினீர்கள், எப்படி நிறுத்தி வைத்தீர்கள்? பாதி டேங்கு பெட்ரோலோடு, தார்ப்பாய் போர்த்தி வைத்தோம் என்றோம். அவர் மறுமொழி சொல்லாமல் படகின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தார். சிப்பியோ பாசியோ படிந்திருந்தாலும், காற்றாடியில் களை சுற்றியிருந்தாலும் குற்றம் எஞ்சினுடையதாகாது. எங்கள் படகின் அடி சுத்தமாகவே இருந்தது.

அடுத்து அவர் பார்த்தது சுற்றுவேகம். முழு விசையில் சுற்று ஏறியும் படகு நகரவில்லையெனில், காற்றாடியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது என்று ஐயப்படலாம். சுற்றே ஏறவில்லையெனில் எஞ்சினுக்குள் தேட வேண்டும். கையேட்டின்படி எங்கள் மோட்டார் முழு விசையில் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் செல்ல வேண்டும். மானி 2,600இல் நின்றது. இந்த ஓர் எண்ணை முதல் நாளே குறித்திருந்தால் தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கியிருக்கும். மானி எங்கள் கண்முன்னேதான் இருந்தது.

பிறகு ஓடும் படகில், முழு விசையில், பெட்ரோல் குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்தச் சொன்னார். அழுத்திய சில நொடிகளுக்கு மோட்டார் துள்ளி எழுந்தது, விட்டதும் அடங்கியது. அவருக்கு அது போதுமானதாயிற்று. தீப்பொறியிலோ சிலிண்டர் அழுத்தத்திலோ பழுது இருந்திருந்தால் குமிழை அழுத்துவதால் வலு கூடியிராது. ஆகவே எரிபொருள் போதிய அளவு வந்துசேரவில்லை. டேங்கின் காற்றுத்துளை திறந்திருக்கிறதா, குழாய் இணைப்பு காற்றை இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு, வடிகட்டியைக் கழற்றினார். பழுப்பு நிறப் பசை. டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி நிழலில் வைத்தார். தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் புட்டியின் அடியில் தனியொரு அடுக்கு தெளிந்து நின்றது. எரிபொருளை உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்க. புதுப் பெட்ரோலை அந்த அடுக்கின் மேல்தான் ஊற்றியிருந்தோம்.

டேங்கைக் காலிசெய்து, வடிகட்டியை மாற்றிய பின் 3,800 சுற்று வந்தது. நான் மகிழ்ந்து கருவிப்பையை மூடப்போனேன். அவர் தடுத்து, சோக்கைச் சற்றே இழுத்தார். குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டுமே தேவைப்படும் அந்தக் கூடுதல் பெட்ரோலைச் சூடான எஞ்சின் ஆவலோடு ஏற்றுச் சுற்றைக் கூட்டியது. எனவே கலவை இன்னும் மெலிந்தே இருந்தது. கார்புரேட்டரின் பிரதான ஜெட்டில் அடைப்பு. ஊசிமுனையை ஒத்த அத்துளையில், ஐந்து மாதத்தில் ஆவியாகிப்போன பெட்ரோலின் பிசின் படிந்திருந்தது. கரையோரத்தில் மோட்டார் சீராக ஓடியதன் காரணமும் இதுவே: மெதுவான ஓட்டத்துக்கு வேறொரு சிறு வழியிலிருந்து எரிபொருள் வரும்; சுமை ஏறும்போதுதான் பிரதான ஜெட் தேவைப்படும். கம்பியால் குத்தாமல், துப்புரவு திரவமும் அழுத்தக் காற்றும் கொண்டு அவர் அதைத் திறந்தார். கம்பி துளையை அகலமாக்கிவிட்டால் அப்புறம் எந்த அளவும் சரியாக நில்லாது. (எங்கள் துறையில் ஒருவர் முன்பொரு முறை குண்டூசியால் குத்தியதை அவரிடம் நான் சொல்லவில்லை.) இப்போது 5,300.

இதற்கெல்லாம் எத்தனால்தான் காரணம் என்று நண்பர்கள் உடனே முடிவுகட்டினர். 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் அதுவே கிடைக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது உண்மை. ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், நீரும் எத்தனாலும் கூடிப் பிரிந்து அடியில் தங்குவதும் உண்மை. ஆனால் எத்தனால் விகிதம் கூடக்கூட, பிரியாமல் தாங்கும் நீரின் அளவும் கூடுகிறது. ஆக, எங்கள் டேங்கில் சேர்ந்தது சிறிதளவு ஈரமன்று. பாதி காலியான டேங்கு, திறந்த காற்றுத்துளை, ஏரிக்கரையின் மழைக்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஊட்டிய நீர் அது. ஜெட்டை அடைத்த பிசினோ, எத்தனால் கலவாத காலத்துப் பெட்ரோலிலும் படிந்ததுதான். பழியைக் கொள்கையின்மீது போடுவது எங்களுக்கு வசதியாக இருந்தது. காற்றுத்துளையைத் திறந்தே விட்டவன் நான்.

நம் ஆய்வு நிதிகளின் கணக்கில் கருவி வாங்குவதற்கு ஒரு தலைப்பு உண்டு. பயணத்துக்கு ஒன்று, நுகர்பொருளுக்கு ஒன்று. ஓய்வில் கிடக்கும் கருவிக்குத் தலைப்பில்லை. ஆய்வுக்கூட நுண்ணோக்கிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதை எவரும் கேள்வி கேட்பதில்லை. படகு மோட்டாருக்குக் கேட்டபோது, ஓடாத மாதங்களுக்கு எதற்குப் பராமரிப்பு என்று அலுவலகத்தில் வினவினர். பழுது விளைவது ஓடாத அம்மாதங்களில்தான். ஏறத்தாழ ஆண்டில் பாதி நாள் உறங்கும் கருவிக்கு அந்த உறக்கத்தையும் பயன்பாட்டுக் காலமாகக் கணக்கிட வேண்டும் என்பது என் துணிபு. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியிலும் படகின் நீளத்தையும் குதிரைத்திறனையும் எழுதுகிறோம். நாள்தோறும் உண்மையில் எட்டிய வேகத்தை எழுதுவோர் சிலரே. பழுது கண்டறிவதைக் களப்பயிற்சியில் பாடமாக வைக்கவும் வேண்டும். வரலாற்றைக் கேள், புறக்காரணத்தை நீக்கு, அள, ஒன்றை மட்டும் மாற்று, மீண்டும் அள என்று மௌசா அன்று நடந்துகொண்ட ஒழுங்கை எங்கள் ஆய்வுநெறிப் பாடவேளையில் அவ்வளவு தெளிவாக நான் கற்றதில்லை.

அந்த மூன்று நாள்களின் தரவை என்ன செய்வது என்பது பெரும் வாக்குவாதமாயிற்று. மொத்தம் 18 கணக்கெடுப்பு நாள்கள். மூன்றை இழப்பது ஆறில் ஒரு பங்கு. கடந்த தூரத்தால் வகுத்துச் சரிசெய்துவிடலாம் என்று மூத்தவர் ஒருவர் அறிவுறுத்தினார். தூரத்தால் வகுத்தால் உழைப்பின் வேறுபாடு சரியாகும். விலங்கின் அசைவால் வரும் பிழை அப்படியே நிற்கும். மூன்று நாள்களையும் நீக்கினேன். பிழைவரம்பு அகன்றது, மதிப்பீட்டாளர் ஒருவர் மாதிரி குறைவு என்று குறிப்பிட்டார். நீக்கியதன் காரணத்தைக் கட்டுரையில் இரண்டு வரிகளில் எழுதியிருக்கிறேன்.

இவ்வாண்டு ஜூன் முதல் வாரம் மோட்டாரை மீண்டும் கொட்டகைக்குக் கொண்டுசென்றோம். உவர்நீர் போக நன்னீரால் கழுவி, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வறண்டு தானே நிற்கும்வரை ஓடவிட்டோம். பிளக் துளை வழியே சிலிண்டர்களில் எண்ணெய் தெளித்து, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்தோம். குளிர்விக்கும் நீரை இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போயிருந்தன. புதியது வாங்கி வைத்திருக்கிறோம், நவம்பரில் பொருத்த வேண்டும். டேங்கு காலி. மோட்டார் செங்குத்தாக நிற்கிறது. தார்ப்பாயின்மேல் கட்டிய அட்டையில் தேதியும், கடைசி ஓட்டத்தில் மானி காட்டிய 5,250 என்ற எண்ணும் எழுதப்பட்டுள்ளன.