கடல் கடக்க முன்னரே: தீவகத் தாதியச் சேவை பற்றிய எமது நிலைப்பாடு

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் பாலங்களாலும் தாம்போதிகளாலும் குடாநாட்டோடு இணைந்துவிட்டன. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் படகை நம்பியே இருக்கின்றன. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தரைவழியே இன்னொரு மணி நேரம். சோழகம் எழும்பினாலோ மார்கழி வாடை இறுகினாலோ இந்தக் கணக்குச் செல்லாது.

தீவுகளில் கடமையாற்றிய, இன்றும் ஆற்றுகின்ற தாதியர் நாங்கள். தீவுப் பணியைக் கஷ்டப் பிரதேச இடமாற்றமாக, எப்போது முடியும் என்று நாள் எண்ணும் கடமையாக நடத்துவதை எமது சங்கம் ஏற்கவில்லை. அதற்கென்று பயிற்சியும் எழுத்திலான அதிகாரமும் குடியிருப்பும் கொண்ட தனிச் சேவையாக அது அமைக்கப்பட வேண்டும்.

அவசர நோயாளரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் தீவில் அதிகம் இழக்கப்படுவது அவசரமில்லாத வேளைகளில். சீனி வருத்தக்காரர் ஒருவர் காலில் புண்ணோடு யாழ்ப்பாணத்தில் கிடந்து, துண்டு வெட்டி வீடு வருகிறார். புண்ணுக்கு ஒழுங்காக மருந்து கட்ட வேண்டும். பழகிய தாதி தீவில் இருந்தால் அது அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் விடியப் படகு, பிறகு பஸ், கிளினிக் வரிசை, பின்னேரப் படகு. அத்தனையும் அந்தக் காலையே ஊன்றி. ஒரு நாள் கூலியும் போய், கூட வரும் மகளின் கூலியும் போகும். இரண்டு கிழமை போவார், பிறகு நின்றுவிடுவார். மறுபடி அவரைக் காணும்போது விரலோ பாதமோ இருக்காது. இப்படி ஒருவரையேனும் பார்க்காத தாதி எங்களுக்குள் இல்லை.

அவசரத்துக்கும் வருவோம். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது எந்த நிமிடமும் கடும் ஒவ்வாமை வரலாம். அட்ரினலினோடு அருகிலேயே ஒருவர் நிற்க வேண்டும். பிள்ளைப்பேற்றின் பின் இரத்தம் பெருகினால் காத்திருக்க நேரமில்லை. வைத்தியர் அருகில் இல்லாத வேளையில் எந்த மருந்தை, எந்த அளவில், யார் பொறுப்பில் தாதி கொடுக்கலாம் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காணொளியில் வைத்தியர் ஆலோசனை சொல்வதை வரவேற்கிறோம். ஊசி போட அங்கே கை வேண்டும்.

இரவில் கடற்படைப் படகுகள் நோயாளரைக் கரைசேர்த்திருப்பதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஒரே தாதி கடமையில் நிற்கும் இரவில், நோயாளியோடு அவர் படகேறினால் விடுதியில் இருப்பவர்களுக்கு ஆளில்லை. ஏறாவிட்டால் அலைக்கு நடுவே நோயாளிக்கு ஆளில்லை. எந்தத் தாதியையும் இந்தத் தெரிவுக்குள் தள்ளக் கூடாது. ஒவ்வொரு தீவிலும் எந்த இரவிலும் இருவர் இருக்க வேண்டும். ஒட்சிசனும் படுக்கையும் கொண்ட அம்புலன்ஸ் படகு எந்தக் காற்றுக்கும் எந்த நேரத்துக்கும் ஆயத்தமாக வேண்டும்.

இவ்வளவு குறைந்த சனத்தொகைக்கு இத்தனை செலவா என்று கேட்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் இதே கேள்வி எழுந்தது. 1912இல் டியூவர் குழு அங்குள்ள நிலையை விசாரித்து அறிக்கை தந்தது. மறு ஆண்டே அரசு ஆண்டுக்கு 42,000 பவுண் ஒதுக்கித் தனிச் சேவை தொடங்கியது. வைத்தியரின் வருமானத்துக்கும் பயணச் செலவுக்கும் வீட்டுக்கும் உதவி கிடைத்தது. தாதியரும் அந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள். பிரித்தானியா முழுவதற்கும் தேசிய சுகாதார சேவை வந்தது 1948இல்தான். ஆட்கள் குறைந்த இடத்தில் ஒருவருக்கான செலவு கூடத்தான் செய்யும். அரசு அதை ஏற்காவிட்டால் நோயாளியின் குடும்பம் படகுக் கூலியாகவும் இழந்த நாட்களாகவும் கட்டுகிறது.

நீண்ட காலம் நிற்பவர்கள் தீவிலேயே பிறந்தவர்கள் என்பது எமது அனுபவம். ஆனால் தாதியப் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்கப்படுகிறது. தீவுப் பிள்ளை அதைப் படிக்கப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் வந்து தங்க வேண்டும். அதற்கு வசதி வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு விடுதிப் பணமும் பயிற்சியில் ஒதுக்கீடும், முடித்ததும் சொந்தத் தீவிலேயே நியமனமும் கேட்கிறோம். அவர்கள் வரும் வரை, எம்முள் ஓய்வுபெற்றோர் தீவுகளில் தங்கிக் காயப் பராமரிப்புக் கற்பிக்க முன்வந்திருக்கிறார்கள். அதற்கான அனுமதியை விரைவில் தாருங்கள்.