ஒற்றைத் தோட்டாவும் ஓர் அரை உண்மையும்

பழந்துப்பாக்கி சேகரிக்கும் நண்பர்கள் சிலர், 'இவை வெறும் கலைப்பொருட்கள். இதில் அரசியல் எதற்கு?' என்கின்றனர். நாம் இதை ஏற்பதற்கில்லை.

மார்ட்டினி-ஹென்றியையே எடுத்துக்கொள்வோம். 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. நெம்புகோலைத் தாழ்த்தி ஒரே ஒரு தோட்டாவை இடவேண்டும். சுட்டபின் மீண்டும் தாழ்த்தினால் வெற்றுக்கூடு வெளியே விழும். இந்தப் பொறியமைப்பே பின்னாளில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் குறிபார்த்துச் சுடும் போட்டித் துப்பாக்கிகளிலும் தொடர்ந்தது. வியப்புக்குரியதே, மறுக்கவில்லை.

ஆனால் 1857க்குப் பின், இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பிந்திய ஆயுதமே தரப்பட்டது. வெள்ளையன் கையில் மார்ட்டினி இருந்தபோது இவன் கையில் ஸ்னைடர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இவற்றைச் சொல்லாமல் மரக்கட்டையின் மெருகை மட்டும் பேசுவது பாதி உண்மையல்லவா?

தொண்டைமானின் ஆயுதச்சாலையில் அலங்காரத்தோடு மின்னிய படைக்கலங்களை, போரில் சிதைந்து கொல்லனிடம் கிடந்த அதியமானின் வேல்களோடு ஒப்பிட்டு ஔவையார் எள்ளியதைப் புறநானூறு (95) பதிந்துள்ளது. மீஞ்சூரில் வாழும் நாமும் அதே தொண்டை நாட்டார்தாம். அந்த எள்ளல் நமக்கும் உரியது.

சேகரியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியின் அருகிலும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: இதை ஏந்தியவர் யார்? இது மறுக்கப்பட்டவர் யார்?