பரிசு பெற்ற கேக்கும் பரிசு பெறாத நுங்கும்



ஒரு செல்லைச் சமைக்க முடியுமா? சமைத்து உண்ணத்தான் முடியுமா? சிரிக்காதீர்கள். பள்ளிகளில் இப்போது அப்படி ஒரு செய்முறைப் பணி கொடுக்கிறார்கள். உண்ணும் பொருள்களைக் கொண்டு செல்லின் மாதிரி ஒன்று செய்து வரவேண்டும். உட்கரு இது, மைட்டோகாண்ட்ரியா இது என்று கொடி நட்டுக் காட்ட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நல்ல யோசனை எங்கே போய் முடிகிறது என்பதை மட்டாஞ்சேரியில் என் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் அறைக்கு அடுத்த வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனார் பஜாரில் சுமை தூக்குகிறார். தாயார் இட்லி மாவு அரைத்து விற்கிறார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர்கள் மகளுக்கு நான் மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். ஒருநாள் அவள் ஒரு பட்டியலோடு வந்தாள். ஜெலட்டின், வண்ண மிட்டாய், சாக்லேட் என்று நீண்டது பட்டியல். "எல்லாம் வாங்கணுமா அண்ணா?" என்று கேட்டாள். தாயார் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பட்டியலின் விலை அங்கே எழுதியிருந்தது.

முதலில் ஜெலட்டினை மட்டும் வாங்கினோம். இரவு குளிரப் பெட்டியில் கட்டியாக இருந்தது, காலை பத்து மணிக்குக் கஞ்சியாகிவிட்டது. கொச்சி வெயில் சும்மா விடுமா? அப்போது தாயார் சொன்னார்: "அடுத்த வீட்டுப் பாத்துமா நோன்புக்கு சைனா கிராஸ் காய்ச்சுவாங்க தம்பி. அது வெயில்ல உருகாது." கடற்பாசியைத்தான் சொன்னார். காய்ச்சினோம். உறைந்தது. உருகவே இல்லை!

நண்பர்களே, இது வெறும் சமையற்கட்டுச் செய்தி அன்று. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் இதே தொல்லைதான். கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். வெப்பத்தில் அது உருகியது. சில கிருமிகள் அதைக் கரைத்தும் விட்டன. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேக்கு வழி சொன்னவர் அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே. வீட்டில் பழக்கூழ் உறைய வைக்க அவர் பயன்படுத்திய கடற்பாசிப் பொருளான அகாரைச் சொன்னார். அதை அவர் கற்றது, ஜாவாவில் வாழ்ந்து வந்த ஓர் அண்டை வீட்டாரிடம்! கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை. இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்வது அகார்த் தட்டில்தான். அடுக்களை அறிவை அற்பம் என்று சொல்வோர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு நாங்கள் பட்டியலை மூடி வைத்தோம். ஒரு நீண்ட டிபன் பெட்டியில் கடற்பாசியை ஊற்றினோம். அது சைட்டோபிளாசம். ஓரமெல்லாம் தேங்காய்க் கீற்று, செல்சுவருக்கு. வேகவைத்த பச்சைப் பயறு பசுங்கணிகம். உலர்ந்த திராட்சை மைட்டோகாண்ட்ரியா. சிறு லட்டு ஒன்று உட்கரு. அதை ஒட்டி இடியாப்பம், எண்டோபிளாச வலைக்கு. அதன் மேல் கசகசா தூவினால் ரைபோசோம். நடுவே, பெட்டியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, தோல் சீவிய நுங்கு. நீர் நிறைந்த நுண்குமிழுக்கு நுங்கைவிடப் பொருத்தமான பொருள் உண்டா?

அவள் சும்மா இருக்கவில்லை. "கசகசா இவ்வளவு பெரிசா இருக்கலாமா?" என்று கேட்டாள். கணக்குப் போட்டோம். ரைபோசோமின் குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். கசகசா 1 மில்லிமீட்டர். 40,000 மடங்கு! அப்படியானால் 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு செல்லை 2 மீட்டர் நீளத்துக்குச் செய்ய வேண்டும். "அப்பாவை விட உயரமா!" என்று கைகொட்டினாள். எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம் அது.

போட்டி நாள் வந்தது. முதற்பரிசு பேக்கரியில் சொல்லிச் செய்வித்த மூன்றடுக்குக் கேக்குக்குப் போயிற்று. நம் பெண்ணுக்கு மதிப்பெண் குறைந்தது. ஏன் தெரியுமா? "உட்கரு நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது" என்றார்களாம். முதிர்ந்த தாவரச் செல்லில் பெரிய நுண்குமிழ் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்பதை அறிந்தே அவள் அப்படி வைத்தாள். அதைச் சொல்ல வாய் திறந்தாள், கேட்க நேரமில்லை. உண்மையைச் செய்தவளுக்குக் குறை. காசு கொடுத்தவருக்குப் பரிசு!

ஆசிரியரை நான் பழிக்கவில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவருக்கு எத்தனை வேலை! பழுது முறையில் இருக்கிறது. மாதிரியின் அழகுக்கு மதிப்பெண் போட்டால், அது பெற்றோரின் பணப்பைக்கு இடும் மதிப்பெண்ணாகிவிடும். "உணவை விளையாட்டுப் பொருளாக்கலாமா?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கொடி குத்திய கேக்கு மாலையில் குப்பைக்குப் போகுமானால், அது விஞ்ஞானமும் அன்று, விருந்தும் அன்று.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. மாதிரி வீட்டில் உள்ள பொருளால் ஆகட்டும். பிள்ளையே செய்யட்டும். மதிப்பெண் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கட்டும்: "இந்தப் பொருளை ஏன் வைத்தாய்? உன் மாதிரி எந்த இடத்தில் பொய் சொல்கிறது?" பிறகு வகுப்பே கூடி அதை உண்ணட்டும்.

நம்மில் பலர் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம். அடுத்த முறை ஒரு பிள்ளை அந்தப் பட்டியலை நீட்டும்போது, கடைக்குப் போகாதீர்கள், அடுக்களைக்குப் போங்கள். அவன் தாயாரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நுங்குச் செல் என்னவாயிற்று என்கிறீர்களா? அன்று மாலையே திண்ணையில் பங்கிட்டு உண்டோம். முதற்பங்கு பாத்துமா வீட்டுக்குப் போயிற்று. ஃபானி ஹெஸ்ஸேயின் கதையை அந்தப் பெண்ணே அவர்களுக்கு மலையாளத்தில் சொன்னாள்.