கருவிக்கு முன் ஆள் வேண்டும்: அரசுப் பல்கலைக்கழகங்களின் பொது ஆய்வுக்கூடங்கள் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

பொதுப் பணத்தில் வாங்கப்படும் பெரிய ஆய்வுக் கருவி யாருக்குச் சொந்தம்? அதை யார் இயக்குவது? பழுதானால் செலவு யாருடையது? தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்விகளுக்கு வளாகத்துக்கு வளாகம், சில இடங்களில் மாடிக்கு மாடி, வேறுவேறு பதில் கிடைக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர்கள், இணைப்புக் கல்லூரி ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், கருவிக்கூடப் பணியாளர்கள் ஆகியோர் சேர்ந்த எங்கள் அமைப்பு இதைப் பற்றி விரிவாகப் பேசி இந்த நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. பெரிய கருவி எதுவும் ஒரு துறையின் பூட்டுக்குள் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதை இயக்க நிரந்தரப் பணியிடமும் பராமரிக்க ஆண்டு ஒதுக்கீடும் உறுதியாகும்வரை எந்தக் கருவிக்கும் கொள்முதல் ஆணை கொடுக்கக் கூடாது.

பொதுக் கருவிக்கூடம் துறைகளைக் கடந்த ஆய்வுக்கும் இடம் தரும். அத்தகைய ஆய்வு நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பை ஏற்று 1952இல் இங்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியலாளர். அவர் கையில் எடுத்த கொலாஜனோ உடலில் தோல், தசைநாண், எலும்பு எங்கும் இருக்கிற புரதம். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுவோருக்குக் கொலாஜனே மூலப்பொருள் என்பதால் அந்தப் புரதத்தை அறிந்த வேதியியலாளர்கள் அங்கே இருந்தார்கள். ஒரு பக்கம் எக்ஸ்-கதிர்க் கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவர்களும், மறுபக்கம் பொருளை அறிந்தவர்கள். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்ததுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

இன்றைய எடுத்துக்காட்டு வேண்டுமானால் கீழடி அகழாய்வு இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த கரித்துண்டுகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் காலம் கணித்தார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி பொது ஆண்டுக்கு முன் 580ஐச் சேர்ந்தது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. கீழடியை ஒட்டிய ஈமக்காடான கொந்தகையில் கிடைத்த எலும்புகளின் மரபணு ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியலாளர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்ட மனிதர்கள் யார் என்ற ஒரே கேள்விக்குத் தொல்லியலாளர், இயற்பியலாளர், மரபணுவியலாளர், புள்ளியியலாளர் எல்லோரும் தேவைப்படுகிறார்கள். பல்துறை ஆய்வு மையம் என்று நாங்கள் சொல்வது இப்படிப்பட்ட ஒரு கேள்வியைச் சுற்றிக் கூடுகிறவர்களை. பெயர்ப்பலகையும் புதுக் கட்டடமும் அதற்குப் பிறகு வரட்டும்.

பொது வசதி என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத வசதியாகிவிடும் என்று மூத்த பேராசிரியர்கள் பலர் எங்களிடம் சொன்னார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நன்றாக நடக்கும் பொது வசதிகளும் நம் நாட்டில் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 1984இல் டெல்லியில் அணு அறிவியல் மையத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் என்பது அதன் இன்றைய பெயர். எந்த ஒரு பல்கலைக்கழகமும் தனியாக வாங்கி நடத்த முடியாத பெல்லட்ரான் முடுக்கி அங்கே இருக்கிறது. எந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆசிரியரும் திட்டம் எழுதி அனுப்பலாம். வல்லுநர் குழு பார்த்து நேரம் ஒதுக்கும். முடுக்கியை இயக்குவது அந்த மையத்தின் சொந்தப் பொறியாளர்களும் அறிவியலாளர்களும்தான். இந்தூரில் தலைமையிடம் கொண்ட யூஜிசி–அணுசக்தித் துறைக் கூட்டமைப்பும் இதே வழியில் நடக்கிறது. அதன் கிளை ஒன்று நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. இவற்றில் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. கருவியோடு சேர்த்து ஆளையும் நியமித்ததுதான் அதற்குக் காரணம்.

இந்த அறிக்கையில் நாங்கள் மிகவும் வற்புறுத்துவது அந்த ஆளைத்தான். என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தம் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், திரவ ஹீலியத்துக்குள் இருக்கிறது. அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். இரண்டையும் கணக்கு வைத்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காந்தம் தன் மீகடத்தும் நிலையை இழந்து, உள்ளே இருக்கும் ஹீலியம் முழுவதும் சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். ஹீலியத்தை நாம் இறக்குமதி செய்கிறோம். கோப்பு நிதி அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பது காந்தத்துக்குத் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வெற்றிடம் கலையக் கூடாது. மின்தடை வந்தால் யூ.பி.எஸ். தாங்க வேண்டும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலிருந்து அறையைக் காக்க ஏ.சி. இரவிலும் ஓட வேண்டும். இவற்றையெல்லாம் கவனிப்பவர் பல இடங்களில் ஒரு திட்டத்தின் கீழ் வந்த தற்காலிகப் பணியாளர். திட்டம் முடிந்தால் அவரும் போய்விடுவார். அவர் இல்லாத இடத்தில் ஓர் ஆய்வு மாணவரே கருவியைக் கற்றுக்கொண்டு மற்றவர்களின் மாதிரிகளையும் ஓட்டிக் கொடுக்கிறார். அவருக்குப் பட்டம் கிடைக்கும் நாளில் கருவி அநாதையாகிறது.

நல்ல கருவிப் பணியாளர் பொத்தான் அழுத்துபவர் மட்டுமல்லர். “இந்தச் சிகரம் உங்கள் சேர்மத்துடையது இல்லை, கரைப்பானுடையது, மறுபடி உலர்த்திக் கொண்டு வாருங்கள்” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு மாணவரைத் தவறான ஆய்வேட்டிலிருந்து காப்பாற்றுகிறது. அது கற்பித்தல். அந்த வேலைக்கு இன்று பதவி உயர்வுப் படிநிலை இல்லை. ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில்கூடப் பெயர் வருவதில்லை. தொழில்நுட்ப அலுவலர், முதுநிலைத் தொழில்நுட்ப அலுவலர், கருவிக்கூட அறிவியலாளர் என்று உயரும் நிரந்தரப் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும். முடிவுகளை விளக்குவதில் அவர்கள் பங்களித்திருந்தால் இணையாசிரியராகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பணம். உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை (ஏ.எம்.சி.) கட்ட வேண்டும். அப்போது திட்ட நிதி முடிந்திருக்கும். பல்கலைக்கழக வரவு செலவில் அதற்குத் தலைப்பே இருக்காது. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு என்ற ஜிஎஸ்டி சலுகை விகிதமும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே 2024இல் வருமான வரித் துறை முடக்கிய நிலையில், சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பிறகு கருவிக்கு என்ன மிஞ்சும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் சொல்கிறோம்: யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணம் தேடும் வழக்கம் நிற்க வேண்டும். கருவியின் விலையில் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைப் பராமரிப்புக்கென்று மாநில அரசு தனியாக ஒதுக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடும்போது கருவியின் விலையோடு நிறுத்தாமல் ஐந்தாண்டுப் பராமரிப்பு, உதிரிபாகம், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே மலிவு எது என்று பார்க்க வேண்டும்.

யாருக்காக இவ்வளவும்? மாவட்டத் தலைநகரில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாணவியை நினைத்துப் பாருங்கள். உதவித்தொகை இல்லை. மாதிரிகளைச் சின்னக் குப்பிகளில் அடைத்துச் சென்னை ஐஐடியின் கருவி வசதி மையத்துக்கோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பிவிட்டு, மாதிரிக்கு இவ்வளவு என்று கைக்காசு கட்டிக் காத்திருக்கிறார். அவர் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்திலேயே அதே கருவி உறையிட்டு மூடிக் கிடக்கலாம். அது இருப்பதே அவருக்குத் தெரியாது. கருவிகளைத் தேடிப் பதிவு செய்ய ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கருவிகளைப் பகிர்வதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கருவிகள் அனைத்தையும், ஓடுபவை, பழுதானவை என்று பிரித்து வெளியிட வேண்டும். முன்பதிவு வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவரிடம் வளாக மாணவரைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கக் கூடாது. தொழில் நிறுவனங்கள் முழுச் செலவையும் கட்டட்டும்; அவர்களுக்குத் தரும் நேரத்துக்கு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் வருமானத்துக்காக ஆய்வுக்கூடம் வெறும் கட்டணச் சோதனைக்கூடமாகிவிடும். கட்டண வருவாய் கருவிக்கூடத்தின் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

தன் பெயரில் திட்டம் எழுதி, அலைந்து, கருவியைக் கொண்டுவந்த பேராசிரியரின் மனக்குறையை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கருவி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் குழுவுக்கு முன்னுரிமையாகக் கிடைக்கட்டும். சாவி மட்டும் பொதுவில் இருக்கட்டும்.

பல்துறை ஆய்வு மையங்களைப் பற்றி ஒன்று மீதம் இருக்கிறது. அது மாணவர்களின் வாழ்க்கை பற்றியது. நானோ அறிவியல், உயிர்தகவலியல் போன்ற பல்துறைப் பட்டங்களைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அந்தப் பட்டத்தோடு உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், இயற்பியலுக்கோ விலங்கியலுக்கோ அது இணையானது அல்ல என்று தள்ளப்படும் நிலை இருக்கிறது. இணைத்தன்மை அரசாணைக்காகப் பட்டதாரிகள் கோட்டைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கிறார்கள். துறை கடந்து படி என்று அழைத்துவிட்டு, படித்து முடித்தவரைத் துறை இல்லாதவர் என்று திருப்பி அனுப்புவது அநீதி. ஒரு பல்துறைப் பட்டப்படிப்பைத் தொடங்க ஆட்சிமன்றம் ஒப்புதல் தரும் நாளிலேயே, அது எந்தெந்தப் பணியிடங்களுக்கு இணையானது என்ற அரசாணையும் வெளிவர வேண்டும். வராவிட்டால் மாணவர் சேர்க்கை நடத்தக் கூடாது. இரு துறைகளின் ஆசிரியர்கள் கூட்டாக வழிகாட்டினால் இருவருக்கும் முழு மதிப்பும் தர வேண்டும்.

உயர்கல்வித் துறையையும் ஆட்சிமன்ற உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த நிதிநிலை அறிக்கையில் புதுக் கருவிகளை அறிவிக்கும் முன், இருக்கும் கருவிகளுக்குப் பணியாளர்களை நியமியுங்கள். துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அரசாணைக்காகக் காத்திராமல், உங்கள் துறையில் ஓடாமல் இருக்கும் கருவிகளின் பட்டியலை இந்தப் பருவத்திலேயே வெளியிடுங்கள்.