கல் தாங்கும், மண் தாங்குமா?

கிராமத்துப் பக்கம் இருக்கும் பழைய சின்னங்களில் பெரிய விழா நடத்தலாமா என்ற பேச்சு வந்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும். "ஆயிரக்கணக்கான வருஷமாக நிற்கிற கல், ஒரு ராத்திரி கூட்டத்திலா விழுந்துவிடப் போகிறது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், இந்தப் பதிலில் ஓட்டை எங்கே என்பது புரியும்.

வில்ட்ஷைர் பகுதியின் புல்வெளியில் சுமார் 4,500 வருடங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட கல்வட்டம்தான் ஸ்டோன்ஹெஞ்ச். சுற்றிலும் வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், சின்னச் சின்ன ஊர்கள். ஜூன் மாதத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசைக்கு ஏற்ப இது அமைந்திருக்கிறது. அந்த விடியலைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது.

1974-ல் இங்கே ஓர் இலவச இசை விழா ஆரம்பமானது. முதலில் சிறிய கூட்டம்தான். வருடா வருடம் பெருகி, 1984-ல் பல பத்தாயிரம் பேர் வந்து கூடாரம் போட்டுத் தங்கும் அளவுக்குப் போய்விட்டது. கற்கள் விழுந்தனவா? இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த வெண்கலக் காலப் புதைமேடுகளைத் தோண்டி அடுப்பும் கழிப்பிடமும் அமைத்தார்கள். அவற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். விறகுக்காக மரங்களை வெட்டினார்கள்.

"மண்மேடுதானே, போனால் போகிறது" என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. கல் வெறும் மிச்சம். அதை யார் நிறுத்தினார்கள், எப்போது, எதற்காக என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது அடியில் இருக்கும் மண்தான். சாம்பல், எலும்பு, பானை ஓடு, மரத்தூண் நட்ட குழியின் தடம் என எல்லாம் அடுக்கடுக்காக அதில் கிடக்கின்றன. எது மேலே, எது கீழே என்ற வரிசையை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். ஒரு கூடார முளையோ, ஒரு குப்பைக்குழியோ அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் திரும்ப அடுக்கவே முடியாது. விழுந்த கல்லைக் கிரேன் வைத்து நிமிர்த்தலாம், மண்ணை என்ன செய்வது?

தோண்டக்கூட வேண்டாம், நடந்தாலே போதும்! சாதாரண நாட்களில் வரும் பார்வையாளர்களின் காலடியிலேயே புல் தேய்ந்து தரை அரித்ததால்தான், 1970-களின் பிற்பகுதியில் கல்வட்டத்துக்குள் பொதுமக்கள் நுழைவதைத் தடுத்தார்கள்.

அடுத்து அந்த ஊர்க்காரர்களின் நிலைமை. சில நூறு பேருக்கான சாலையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இடத்தில் பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினால் என்ன ஆகும்? டீக்கடைக்கு நாலு நாள் வியாபாரம் நடக்கும், மறுக்க முடியாது. ஆனால் வேலி போன விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில் நடந்தது இன்னும் மோசம். 1985-ல் விழாவுக்கு நீதிமன்றத் தடை வந்தது. தடையை மீறி வந்த வாகன வரிசையை ஜூன் 1 அன்று போலீஸ் மறித்தது. கடுமையான மோதலில் 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். போலீஸ் நடந்துகொண்ட விதம் இன்றுவரை கண்டிக்கப்படுகிறது. அதன்பிறகு 2000 வரை, சுமார் 15 வருடங்கள், அந்த விடியலைக் கல்வட்டத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு பொதுமக்களுக்கு இல்லாமல் போனது. அமைதியாக வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கதவு மூடியது. கூட்டம் அளவு மீறினால் நஷ்டம் கூட்டத்துக்கும்தான்.

"அந்தக் காலத்திலேயே அது மக்கள் கூடுவதற்காகக் கட்டிய இடம்தானே?" என்று வாதிடுபவர்கள் உண்டு. நல்ல வாதம். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில், கற்காலத்தில் பெரிய விருந்துகள் நடந்தது தெரியவந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? மண்ணுக்குள் கலையாமல் கிடந்த பன்றி எலும்புகளை வைத்து! இடையில் யாராவது அங்கே குழி வெட்டி அடுப்பு வைத்திருந்தால் இந்த வாதத்துக்கே ஆதாரம் இருந்திருக்காது.

அதற்காக மக்களை விரட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. 2000-ல் மீண்டும் திறந்தபோது ஒரு வழி கண்டார்கள். ஒரே இரவு மட்டும், கூடாரம் கிடையாது, நெருப்பு கிடையாது, கல் மேல் ஏறக்கூடாது. அதன்பின் சில வருடங்களில் 30,000 பேருக்கு மேல் வந்தும் பழைய மாதிரிப் புதைமேடுகளைத் தோண்டும் கூத்து நடக்கவில்லை. குப்பையும் குடியும் தொல்லையாக இருந்ததால் 2016-ல் மதுவையும் தடை செய்தார்கள்.

விழா நடத்துகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர் வருவார்கள்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் "இந்தத் தரை எத்தனை பேரைத் தாங்கும்?" என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் கூட்டம் வருமென்றால் மேடையை வேறு மைதானத்தில் போடுவதில் என்ன குறைந்துவிடும்? மேடையை எங்கே வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அந்த மண் அங்கே மட்டும்தான் இருக்கிறது.