பொய்க் கரன்ட் சொல்லும் உண்மை

"மாத்திரைய நிறுத்திட்டு இத மாட்டிக்கோ மாப்ள. மூளைக்கு நேரா கரன்ட்!" போன மாதம் நண்பன் ஒரு தலைப்பட்டையின் விளம்பரத்தை அனுப்பினான். நாலு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். அன்றிரவே பணம் கட்டப் போனேன். அந்த ஆசைக்காக நான் வெட்கப்படவில்லை. அதை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் மீதுதான் கோபம்.

இது சினிமாவில் காட்டும் ஷாக் அல்ல. டிடிசிஎஸ் என்கிறார்கள். தலையில் இரண்டு மின்முனைகள், 2 மில்லி ஆம்பியர், அரை மணி நேரம். வலிப்பை வரவழைப்பதில்லை, மயக்க மருந்தும் கிடையாது. தோல் குறுகுறுக்கும்.

சோதனையில் பாதிப் பேருக்குப் பொய்க் கரன்ட். அதே பட்டை, அதே நேரம். கொஞ்சம் குறுகுறுத்துவிட்டு கரன்ட் நின்றுவிடும். "ஏமாத்து வேலையா இருக்கே?" என்றான் நண்பன். இல்லைடா. பொய்யும் கிடைக்கலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். எந்த விளம்பரம் அப்படிச் சொல்கிறது?

மனச்சோர்வு தானாகவும் ஏறி இறங்கும். நம்பிக்கையே கொஞ்சம் தூக்கிவிடும். வாராவாரம் ஒருவர் அக்கறையாக "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலே சிலர் தேறுவார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்க்கத்தான் பொய்க் கரன்ட்.

கழித்தால் என்ன மிஞ்சுகிறது? 2017இல் பிரேசிலில் 245 பேர்: பொய்ச் சிகிச்சையைவிடத் தேவலாம், ஆனால் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குக் குறைந்ததில்லை என்று நிரூபிக்க முடியவில்லை. 2023இல் ஜெர்மனியில் 160 பேர், என்னைப் போல் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2024இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேர் பத்து வாரம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள்: நிஜம் ஜெயித்தது. ஆக, கேள்வி இன்னும் முடியவில்லை. நான் பார்த்த விளம்பரத்தில் தோற்ற கதை ஒன்றுகூட இல்லை.

"சரியானா போதாதா, எதனாலன்னு எதுக்குடா?" போதாது. அதை நம்பி ஒருவன் மாத்திரையை நிறுத்துவான். டாக்டரிடம் சொல்லாமல் நானும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன். அந்த ஆறு வாரங்களைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

சோதனைக்கு ஆள் கேட்டால், என் டாக்டர் சரியென்றால், நாளைக்கே போவேன். பொய்க் கரன்டே கிடைத்தாலும் பரவாயில்லை, எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு ஒரு பதில் மிஞ்சும். பதில் வருவதற்கு முன்பே பெட்டியை விற்காதீர்கள். எங்களிடம் மிச்சமிருக்கும் நம்பிக்கை அவ்வளவு அதிகமில்லை.