ஏரி எங்கேயும் ஓடிப்போகாது

ஞாயிறு விடிகாலையில் எங்கள் வத்தலகுண்டு ரோட்டில் பத்துப் பதினைந்து புல்லட்டுகள் வரிசையாகக் கொடைக்கானலுக்குக் கிளம்புகின்றன. பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாக ஓட்டுகிறவனை முன்னால் விடுகிறார்களே, அதுதான் தப்பு.

1978-ல் நாங்கள் நாலு பேர் போனோம். மூன்று புல்லட், ஒரு ஜாவா. முதல் வண்டி என்னுடையது. பெருமாள்மலையில் டீ சொல்லிவிட்டு எண்ணினால் மூன்று பேர்தான். ஜாவாவைக் காணோம். பதறியடித்துத் திரும்பி இறங்கினோம். ஒரு வளைவில், கணுக்கால் முறிந்து, ஓரமாக உட்கார்ந்திருந்தான். எங்களை எட்டிப்பிடிக்க முறுக்கினானாம். "நீங்க கண்ணுலயே படலடா" என்றான். இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறான்.

மெதுவாக ஓட்டுகிறவன் முன்னால், கைதேர்ந்தவன் கடைசியில். மலைக்கு இதுதான் சரி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், ஏறி வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கிய ஏரி. இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அரை மணி நேரம் பிந்திப் போனால் என்ன?

அடுத்த ஞாயிறு என் பேரனும் போகிறான். கடைசி வண்டி யாருடையது என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் பாக்கல தாத்தா" என்கிறான்.